ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கு ஒரு பைதான் ஆப்: என்ஜின்எக்ஸ், குனிகார்ன், இடையில் வந்த 502கள்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை நடத்தும் ஒரு அண்ணனுக்கு அவர் மகளே ஃபிளாஸ்கில் (பைதானில் வெப் ஆப் எழுத உதவும் நூலகம்) ஒரு ஆப் எழுதிக் கொடுத்திருந்தாள். அறையின் நீள அகலத்தைப் போட்டால் எத்தனை கல் வேண்டும் என்று கணக்குச் சொல்லும் (180 சதுர அடி ஹாலுக்கு எட்டு இஞ்சு கல் என்றால் 405, பத்து இஞ்சு என்றால் 260, உடைசலுக்குச் சேர்ப்பது தனி), டிசைன் படங்களைக் காட்டும், கடைசியில் தமிழிலேயே எஸ்டிமேட்டை பிடிஎஃப் ஆகத் தரும். அவள் லேப்டாப்பில் எல்லாம் ஜோராக ஓடியது. அதை இணையத்தில் ஏற்றி, கானாடுகாத்தானில் பழைய வீட்டைச் சரிசெய்பவரும் சிங்கப்பூரில் இருக்கும் வீட்டுக்காரரும் ஒரே லிங்கில் பார்க்கும்படி செய்வதுதான் எனக்கு வந்த வேலை. காரைக்குடியில் இருந்துகொண்டே செய்தது, சர்வர் மும்பையில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்ன விபிஎஸ் (பெரிய கம்ப்யூட்டரில் நமக்கென்று ஒரு பங்கு): ஒரு கோர், 1 ஜிபி ராம், உபுண்டு 24.04.

இந்தக் கடைக்குப் படம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் பாதித் தொல்லை அதனால்தான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் போட்டு, பிறகு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். அந்த மினுமினுப்பு கண்ணாடி கொடுப்பது. கைவேலை என்பதால் ஒரே டிசைனாக இருந்தாலும் ஒரு தடவை ஊற்றியதற்கும் அடுத்த தடவை ஊற்றியதற்கும் நிறம் கொஞ்சம் முன்பின் இருக்கும். அதனால் வாடிக்கையாளர் கேட்பது கேட்டலாக் படத்தை அல்ல, இப்போது காய்ந்துகொண்டிருக்கும் அந்தக் கல்லின் படத்தை. அண்ணன் தினமும் போனில் எடுத்து ஏற்றுவார். ஒவ்வொன்றும் 4, 5 எம்பி.

நான் போய்ப் பார்த்தபோது ஆப் ஏற்கெனவே சர்வரில் ஒருவிதமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்பு ஒருவர் ஸ்கிரீன் என்ற டெர்மினல் நிரலுக்குள் 'ஃபிளாஸ்க் ரன்' போட்டு, 5000 போர்ட்டை நேரடியாக வெளியே திறந்துவிட்டுப் போயிருந்தார், டீபக் மோடும் ஆனில். அந்தக் கட்டளையை ஓட்டினாலே, இது டெவலப்மென்ட் சர்வர், புரொடக்‌ஷனில் பயன்படுத்தாதே என்று ஃபிளாஸ்க் தானே எச்சரிக்கிறது. டீபக் மோடு அதைவிட மோசம், பிழை வந்த பக்கத்திலேயே பைதான் கட்டளை தட்டும் வசதி இருக்கும். அதற்கு ஒரு பின் எண் பூட்டு உண்டு என்றாலும் அதை நம்பி வெளியே விடக் கூடாது. முதல் வேலையாக அந்தப் போர்ட்டை ஃபயர்வாலில் மூடினேன். (உபுண்டுவின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவை இயக்குவதற்கு முன், தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நம்மையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வோம்.)

இப்போது அமைப்பு எப்படி என்றால், முன்னால் என்ஜின்எக்ஸ் (வருகிறவரை வரவேற்கும் வெப் சர்வர்), பின்னால் குனிகார்ன் (பைதான் ஆப்பை ஓட்டும் சர்வர்), அதற்குள் ஃபிளாஸ்க். செட்டிநாட்டு வீட்டில் வந்தவரை முகப்பில் உட்காரவைத்து, அங்கேயே முடியும் காரியத்தை அங்கேயே முடித்து, மற்றதை மட்டும் வளவுக்குள் அனுப்புவார்களே, அதே ஏற்பாடுதான். படம், சிஎஸ்எஸ் மாதிரியானதை என்ஜின்எக்ஸே கொடுத்துவிடும். பைதான் ஓட வேண்டியதை மட்டும் குனிகார்னுக்குத் தள்ளும். குனிகார்னும் ஃபிளாஸ்கும் பேசிக்கொள்வது டபிள்யூஎஸ்ஜிஐ என்ற ஒப்பந்தத்தில், பைதானின் பெப் 3333 என்ற விதி ஆவணம் அதுதான். இந்த அடுக்கை மனதில் வைத்துக்கொண்டால் பிழை எண்ணே வழிகாட்டிவிடும். 413 (அனுப்பியது அளவுக்கு மேல் பெரிது) என்ஜின்எக்ஸ் போட்டதா ஃபிளாஸ்க் போட்டதா, 502 (பின்னால் இருப்பவரிடமிருந்து சரியான பதில் இல்லை) வந்தால் பின்னால் இருப்பவர் கதவையே திறக்கவில்லையா அல்லது பாதியில் செத்தாரா, இப்படிக் கேட்டுக்கொண்டு போக வேண்டியதுதான். தேடுபொறியில் '502' என்று மட்டும் தட்டினால் வரும் பதில்கள் பத்து வேறு வியாதிக்கான மருந்துகள்.

பைதான் பக்கம் சீக்கிரம் முடிந்தது. உபுண்டு 24.04இல் பைதான் நூலகங்களை நிறுவும் பிப்பை நேரடியாக ஓட்டினால், இந்தப் பைதானை சிஸ்டம் நிர்வகிக்கிறது, கைவைக்காதே என்று மறுத்துவிடும். பெப் 668 காரணம். அதைத் தாண்டக் கட்டளையோடு சேர்க்கும் ஒரு கட்டாயக் கொடி இருக்கிறது, அதைப் போடாதீர்கள். பைதான்3-வென்வ் பொதியை நிறுவி, ஒரு வெர்ச்சுவல் சூழல் (ஆப்புக்கென்று தனிப் பைதான்) உண்டாக்கி, அதற்குள் ஃபிளாஸ்க், குனிகார்ன், பில்லோ (படத்துக்கு), வீஸிபிரின்ட் (பிடிஎஃபுக்கு) எல்லாவற்றையும் போட்டேன். டாக்கர் (ஆப்பைத் தனிப் பெட்டியாகக் கட்டி ஓட்டுவது) போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: ஒரு ஆப், ஒரு சர்வர், 1 ஜிபி ராம், நாளைக்கு இதைப் பார்த்துக்கொள்ளப் போவது கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். கழற்றிப் பார்க்க எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

குனிகார்னை, உபுண்டுவில் நிரல்களை எழுப்பிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டியின் ஒரு சர்வீஸாக எழுதினேன். யூனிட் கோப்பில் கவனிக்க வேண்டியது நாலைந்து வரிதான்: எந்தப் பயனராக ஓட வேண்டும், எந்த ஃபோல்டரில் நின்று ஓட வேண்டும், குனிகார்னின் முழுப் பாதை (வெர்ச்சுவல் சூழலுக்குள் இருப்பது, வெறும் பெயர் போதாது), விழுந்தால் தானே எழ ரீஸ்டார்ட் வரி. கோப்பை மாற்றியதும் டீமன்-ரீலோட் கொடுக்காவிட்டால் பழையதே ஓடும். அவ்வளவுதான்.

முதல் 502 இங்கேதான் வந்தது. குனிகார்ன் நன்றாக ஓடுகிறது, சர்வீஸ் நிலை பச்சையில் இருக்கிறது, கர்ல் கட்டளையில் சாக்கெட்டை (என்ஜின்எக்ஸும் குனிகார்னும் பேசிக்கொள்ளும் கோப்பு) நேரடியாகக் கேட்டால் பக்கம் வருகிறது, ஆனால் பிரவுசரில் 502. அதற்கான காரணத்தை என்ஜின்எக்ஸ் தன் எரர் லாகில் ஒரே வரியில் எழுதி வைத்திருந்தது, சாக்கெட்டோடு இணைய முடியவில்லை (13: பெர்மிஷன் டினைட்) என்று. அந்த அடைப்புக்குள் இருக்கும் எண்தான் எல்லாமே. 2 என்றால் அந்த சாக்கெட் கோப்பே இல்லை, குனிகார்ன் எழவில்லை அல்லது பாதை தப்பு. 111 என்றால் இடம் இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. 13 என்றால் ஆளும் இருக்கிறார், இடமும் சரி, போகும் வழியில் எங்கோ பூட்டு.

எங்கே பூட்டு என்று பார்க்க 'நேம்ஐ' என்று ஒரு கட்டளை இருக்கிறது, எல் கொடியோடு சாக்கெட்டின் முழுப் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு படியாக யாருக்கு என்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டும். காட்டியது. முன்பு செய்தவர் ஆப்பை ஒரு பயனரின் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்திருந்தார், சாக்கெட்டும் அங்கேயே உருவாகிறது. உபுண்டு 21.04 முதல் புதுப் பயனரின் ஹோம் ஃபோல்டர் 750 அனுமதியோடுதான் உருவாகும், அதாவது வெளியாள் உள்ளே நுழையவே முடியாது. என்ஜின்எக்ஸ் ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற பயனராக, அவர் வெளியாள். அதற்கு முன் வந்த பதிப்புகளில் 755 (வெளியாளும் நுழையலாம்), அதனால்தான் பழைய வழிகாட்டிகளில் ஹோமுக்குள் வைத்தே எல்லாம் ஓடுகிறது. இதற்கு ஹோம் ஃபோல்டருக்கு 777 (யாரும் எதுவும் செய்யலாம்) கொடு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஆப்புக்கென்றே லாகின் இல்லாத ஒரு பயனரை உண்டாக்கி, ஆப்பை வட்டின் மேல்மட்டத்தில் உள்ள எஸ்ஆர்வி ஃபோல்டருக்கு நகர்த்தினேன், சாக்கெட்டை ரன் ஃபோல்டருக்கு. ரன் என்பது நினைவகத்தில் இருக்கும் இடம், ரீபூட் ஆனால் காலி. கையால் அதற்குள் ஃபோல்டர் உண்டாக்கினால் அடுத்த ரீபூட்டில் காணாமல் போய், 13க்குப் பதில் 2 வரும். சிஸ்டம்டி யூனிட்டில் 'ரன்டைம் டைரக்டரி' என்ற வரியைச் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு முறையும் அதுவே உண்டாக்கி, சரியான பயனருக்குக் கொடுத்துவிடும். பக்கம் வந்தது.

அண்ணனுக்கு லிங்க் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன்: "தம்பி, பார்க்க நல்லா இருக்கு, ஆனா படம் ஏத்தினா இங்கிலீஷ்ல என்னமோ திட்டுதே."

அது 413. பக்கத்தின் கீழே என்ஜின்எக்ஸ் என்று போட்டிருந்ததால் ஃபிளாஸ்க் வரை போகவே இல்லை என்று உடனே தெரிந்தது. என்ஜின்எக்ஸ் தானாக அனுமதிப்பது 1 எம்பிதான். 'கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்ற வரியை (வார்த்தைகளுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்) 12 எம்பி ஆக்கினேன், ஃபிளாஸ்கிலும் அதே அளவுக்கு ஒரு வரம்பு வைத்தேன். மாற்றியதும் என்ஜின்எக்ஸை ஹைபன் டி போட்டு ஓட்டி, கான்ஃபிக் சரியா என்று பார்த்துவிட்டு ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம், கான்ஃபிகில் ஒரு அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் ரீஸ்டார்ட் மொத்தத்தையும் கீழே இறக்கிவிடும், ரீலோட் பழையதையே ஓடவிடும்.

படம் ஏறியது. அடுத்த படமும் ஏறியது. ஆனால் பக்கத்தில் எல்லா டிசைனுக்கும் ஒரே படம், கடைசியாக ஏற்றியது! லேப்டாப்பில் சோதித்தபோது இது வரவேயில்லை என்று அந்தப் பெண் சத்தியம் செய்தாள், அதுவும் உண்மைதான், ஏனென்றால் சோதனைக்கு அவள் ஏற்றியது எல்லாம் கேமராப் பெயரில் இருந்த ஆங்கிலக் கோப்புகள். அண்ணனோ ஒவ்வொரு படத்துக்கும் தாமரை, சங்கு, செவப்புக் கட்டம் என்று அழகாகத் தமிழில் பெயர் வைத்துத்தான் ஏற்றுவார். அப்லோட் ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு கோப்பு, பெயர் 'ஜேபிஜி'. புள்ளி கூட இல்லை.

இது தமிழில் ஆப் எழுதும் எல்லோரும் ஒரு நாள் சந்திக்கப் போவது, அதனால் விரிவாகவே சொல்கிறேன். ஃபிளாஸ்கோடு வரும் வெர்க்சூக் நூலகத்தில் 'செக்யூர் ஃபைல்நேம்' என்று ஒரு செயல்கூறு இருக்கிறது. பயனர் கொடுக்கும் கோப்புப் பெயரில் வில்லங்கமான பாதை ஏதும் ஒளிந்திருந்தால் வடிகட்டுவதற்கு. எல்லாப் பாடங்களிலும் இதைப் போடச் சொல்வார்கள், போடவும் வேண்டும். ஆனால் அது பெயரை அஸ்கிக்குள் (ஆங்கில எழுத்தும் எண்ணும் குறிகளும் மட்டும் உள்ள பட்டியல்) அடக்குகிறது, அடங்காத எழுத்தைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். 'தாமரை' முழுவதும் போய், புள்ளியும் ஜேபிஜியும் மிஞ்சும். பிறகு முன்னால் நிற்கும் புள்ளியையும் சீவிவிடும். 'சங்கு'க்கும் அதே கதி. 'செவப்புக் கட்டம் 2' என்றால் 2 மட்டும் மிஞ்சும். ஒவ்வொன்றும் முந்தியதன் மேல் எழுதிக்கொண்டே போகும், பிழை என்று ஒரு வரி கூட லாகில் வராது. அந்தப் படத்தைத் தனியாகத் திறந்தால் டவுன்லோட் ஆனதற்கும் அதுதான் காரணம், எக்ஸ்டென்ஷன் இல்லாததால் கொடுக்கும் ஃபிளாஸ்குக்கு அது படம் என்றே தெரியாது.

சரி செய்வது எளிது. வட்டில் சேமிக்கும் பெயரை நாமே யூயூஐடி (இன்னொன்றோடு மோதாத நீள அடையாளம்) வைத்து உண்டாக்கிவிட வேண்டும், எக்ஸ்டென்ஷனை அனுமதித்த பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும், அண்ணன் வைத்த தமிழ்ப் பெயர் அப்படியே டேட்டாபேஸில். திரையில் தாமரை, வட்டில் எண்ணும் எழுத்துமாக ஒரு நீளப் பெயர். ஏற்றும்போதே பில்லோ வைத்து 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஒரு பிரதியும் எடுத்துவிட்டேன், இது பிறகு உதவியது.

அடுத்து பிடிஎஃப். முதலில் தமிழ் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தது. கட்டம் போட்ட கல் விற்கும் கடைதான், அதற்காக எஸ்டிமேட்டுமா என்று அந்தப் பெண்ணே சிரித்தாள். சர்வர் உபுண்டுவில் தமிழ் எழுத்துரு எதுவும் இருக்காது, யாருக்குத் தேவை என்று விட்டிருப்பார்கள். நோட்டோ எழுத்துருப் பொதியை நிறுவி, 'எஃப்சி-லிஸ்ட்' கட்டளையில் மொழி 'டிஏ' என்று கேட்டு தமிழ் எழுத்துரு பட்டியலில் வருகிறதா என்று உறுதி செய்துகொண்டேன். அவள் வீஸிபிரின்ட்டைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அது பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற நூலகங்கள் வழியாக எழுத்தைக் கோக்கிறது, அதனால் 'கொ'வில் கொம்பு சரியான பக்கத்தில் விழுகிறது. இப்படி எழுத்தைக் கோக்கத் தெரியாத பிடிஎஃப் நூலகங்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், எஸ்டிமேட்டைப் படித்தால் வேறு மொழி மாதிரி இருக்கும்.

எழுத்து வந்தது, ஆனால் புதிதாக ஒரு விசித்திரம். ஒரு டிசைன் உள்ள எஸ்டிமேட் பத்து வினாடி கழித்துப் படமே இல்லாமல் வந்தது. இரண்டு டிசைன் என்றால் இருபது வினாடி, அதிலும் படம் இல்லை. மூன்று போட்டால் முப்பது வினாடியில் 502. லேப்டாப்பில் எத்தனை போட்டாலும் நொடியில் வந்துவிடுகிறது. சர்வர் சின்னது, ராம் போதவில்லை என்று முடிவு கட்டிப் பணம் கட்டப் போகிறவர்கள் இங்கேதான் கட்டுவார்கள். ஆனால் மெதுவான சர்வர் இப்படிப் பத்துப் பத்தாக நேரம் எடுக்காது, இப்படி முழு எண்ணில் வந்தால் எங்கோ ஒரு டைம்அவுட் என்று பொருள்.

இம்முறை எரர் லாகில் எண் இல்லை, பின்னால் இருப்பவர் பதில் சொல்லும் முன்பே இணைப்பை மூடிவிட்டார் என்று இருந்தது. குனிகார்ன் லாகில் 'ஒர்க்கர் டைம்அவுட்'. ஒரு ஒர்க்கர் (வரும் கோரிக்கைகளைக் கவனிக்கும் குனிகார்னின் வேலையாள்) 30 வினாடி அசையாமல் இருந்தால் குனிகார்ன் அதைக் கொன்றுவிட்டு வேறொன்றை எழுப்பும், அதுதான் அந்த முப்பது. சரி, ஏன் அசையவில்லை? பதில் என்ஜின்எக்ஸின் ஆக்சஸ் லாகில் இருந்தது: பிடிஎஃப் கேட்ட ஒவ்வொரு முறையும் படத்துக்கான கோரிக்கைகள், அனைத்தும் 499, அனுப்பியவர் ஐபி நம் சர்வருடையதே. 499 என்பது, கேட்டவர் பொறுக்க முடியாமல் போய்விட்டார் என்று என்ஜின்எக்ஸ் குறித்துக்கொள்ளும் எண்.

இப்போது கதை புரிந்துவிடும். எஸ்டிமேட் டெம்ப்ளேட்டில் படத்தின் முகவரி முழு இணைய முகவரியாக இருக்கிறது. வீஸிபிரின்ட் பிடிஎஃப் செய்யும்போது அந்த முகவரிக்குப் போய்ப் படத்தைக் கேட்கிறது. அந்தக் கோரிக்கை வெளியே போய், என்ஜின்எக்ஸ் வழியாகத் திரும்பி குனிகார்னுக்கே வருகிறது, ஏனென்றால் ஏற்றிய படங்களைக் கொடுப்பதும் அதுவரை ஒரு ஃபிளாஸ்க் ரூட்தான் (ஒரு முகவரிக்குப் பதில் தரும் பைதான் பகுதி). குனிகார்னில் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு ஒர்க்கர். அந்த ஒருவர்தான் இப்போது பிடிஎஃப் செய்துகொண்டு படத்துக்காகக் காத்திருக்கிறார். படத்தைக் கொடுக்க வேண்டியவரும் அவரே. வீஸிபிரின்ட் ஒவ்வொரு படத்துக்கும் பத்து வினாடி பார்த்துவிட்டு, சரி போகட்டும் என்று அடுத்ததற்குப் போகிறது. லேப்டாப்பில் ஃபிளாஸ்கின் டெவலப்மென்ட் சர்வர் த்ரெட்களில் ஓடுகிறது, ஒரு த்ரெட் காத்திருந்தால் இன்னொன்று கொடுத்துவிடும், அதனால் அங்கே இது தலையே காட்டாது.

ஒர்க்கரை மூன்றாக்கு என்பதுதான் எல்லோரும் சொல்லும் வைத்தியம். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்ற சூத்திரப்படியும் மூன்றுதான் வரும், நானும் பிறகு மூன்று வைத்தேன். ஆனால் இந்த நோய்க்கு அது மருந்து இல்லை. மூன்று பேர் ஒரே நேரத்தில் எஸ்டிமேட் கேட்டால் மூன்று ஒர்க்கரும் மறுபடி காத்திருந்து மாட்டிக்கொள்ளும், அதுவும் எப்போதாவது மட்டும், கண்டுபிடிக்கவே முடியாதபடி. சரியான மருந்து இரண்டு. பிடிஎஃப் டெம்ப்ளேட்டில் படத்தை இணைய முகவரியால் அல்ல, வட்டில் இருக்கும் கோப்புப் பாதையால் கொடுப்பது, தன் வீட்டுப் பொருளை எடுக்கத் தெருவைச் சுற்றி வர வேண்டியதில்லை. அப்புறம் பிரவுசருக்கான படங்களை ஃபிளாஸ்கிலிருந்து பிடுங்கி என்ஜின்எக்ஸிடமே கொடுத்துவிடுவது, 'ஏலியஸ்' வரி போட்டு. ஏலியஸில் லொகேஷன் பெயர், ஃபோல்டர் பாதை இரண்டின் முடிவிலும் சாய்கோடு இருக்க வேண்டும்; லொகேஷனில் மட்டும் விட்டுவிட்டால் அந்த ஃபோல்டருக்கு வெளியே இருக்கும் கோப்புகளை எட்டிப் பார்க்க வழி கிடைத்துவிடும். சுருக்கிய பிரதிகளையே பிடிஎஃபில் வைத்ததால் எட்டு டிசைன் எஸ்டிமேட்டும் இப்போது சில வினாடிகளில் வருகிறது, கோப்பும் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அளவுக்குள் நிற்கிறது.

ஹெச்டிடிபிஎஸ் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. டொமைனின் ஏ ரெக்கார்டை (பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவு) சர்வர் ஐபிக்குத் திருப்பி, செர்ட்பாட்டை ஓட்டினால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் வந்துவிடும், 90 நாள் செல்லும், தானே புதுப்பித்துக்கொள்ளும்; டிரை-ரன் கொடியோடு ஒருமுறை புதுப்பித்துப் பாருங்கள். ஒன்று மட்டும்: என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஃபிளாஸ்குக்கு வெளியே ஹெச்டிடிபிஎஸ் ஓடுவது தெரியாது, அது உண்டாக்கும் லிங்க் எல்லாம் எஸ் இல்லாமல் வரும். என்ஜின்எக்ஸ் 'எக்ஸ்-ஃபார்வர்டட்' தலைப்புகளை அனுப்ப வேண்டும், ஃபிளாஸ்கில் 'ப்ராக்ஸிஃபிக்ஸ்' போட்டு அதை நம்பச் சொல்ல வேண்டும், முன்னால் எத்தனை ப்ராக்ஸி (இடையில் நின்று அனுப்பிவைக்கும் சர்வர்) உண்டோ அத்தனை மட்டும், நமக்கு ஒன்று.

தேதி பற்றி ஒரு புகார் வந்தது, சிங்கப்பூரிலிருந்து காலையில் கேட்கும் எஸ்டிமேட்டில் முந்தைய நாள் தேதி விழுகிறது என்று. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது. சிங்கப்பூர் காலை 8 மணி நமக்கு 5.30, யூடிசிக்கு நள்ளிரவு, அதனால் அங்கே எட்டுக்கு முன் கேட்டது எல்லாம் நேற்றைய கணக்கு. சர்வர் கடிகாரத்தைத் தொடவில்லை. டேட்டாபேஸில் யூடிசியே இருக்கட்டும், எஸ்டிமேட்டில் அச்சிடும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றினேன். அண்ணனுக்கு விலை எந்தத் தேதிக்கு என்பது முக்கியம், சிமெண்ட் விலை ஏறினால் கல் விலையும் ஏறும்.

டேட்டாபேஸ், ஒரே கோப்பில் இருக்கும் எஸ்கியூலைட்டே போதும் என்று விட்டுவிட்டேன். அதன் கோப்புக்கு மட்டும் எழுதும் அனுமதி கொடுத்தால் போதாது, கோப்பு இருக்கும் ஃபோல்டருக்கும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் எழுதும்போது பக்கத்திலேயே ஒரு ஜர்னல் கோப்பு உண்டாக்கும். கொடுக்காவிட்டால் படிக்க மட்டும் முடிந்து, ஆர்டர் பதியும்போது விழும். மூன்று ஒர்க்கர் இருப்பதால், ஒருவர் எழுதும்போதே மற்றவர் படிக்க விடும் 'ரைட்-அஹெட் லாக்' மோடுக்கு மாற்றினேன். பேக்அப் இரவு இரண்டு மணிக்கு, கோப்பை அப்படியே நகல் எடுக்காமல் எஸ்கியூலைட்டின் சொந்த 'பேக்அப்' கட்டளையால். யாராவது பாதியில் எழுதிக்கொண்டிருந்தாலும் நகல் உடையாது. அதையும் படங்கள் ஃபோல்டரையும் சேர்த்துப் பட்டறைக் கம்ப்யூட்டருக்கு இழுத்துக்கொள்கிறது, கரண்ட் இல்லாத இரவு என்றால் காலையில் எழுந்ததும் இழுத்துக்கொள்ளும். அந்தப் பேக்அப்பை லேப்டாப்பில் திறந்து, ஒரு பழைய எஸ்டிமேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பாஸ்வேர்டை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அடுத்து பார்டர் கல்லுக்கும் மூலைக் கல்லுக்கும் தனிக் கணக்குப் போடப் போகிறாளாம்.